குற்றவியல் படித்தவருக்கு ஓர் அறிக்கை எழுதத் தெரிய வேண்டாமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

குற்றம் ஏன் நடக்கிறது என்று படிக்கிற குற்றவியலில் முதுகலை முடித்தும் வேலை கிடைக்கவில்லை என்று ஒரு மாணவர் உங்கள் வாசகர் பகுதியில் எழுதியிருந்தார். அவர் குறையில் பாதி நியாயம். எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். தடய அறிவியல் ஆய்வகத்தில் வேதியியல், உயிரியல் படித்தவர்களைத் தேடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. அதைக் கேட்டு 'நமக்கும் வேலை வரும்' என்று சந்தோஷப்பட்ட குற்றவியல் பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். குற்றவியலும் தடய அறிவியலும் வேறு வேறு படிப்பு என்று சேரும்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

சரி, மற்றப் பாதிக்கு வருகிறேன். நான் நன்னடத்தை அலுவலராக (புரொபேஷன் ஆபீசர்) இருந்து ஓய்வு பெற்றவன். குற்றவியல் படித்தவர்களுக்கென்றே அமைந்த மாதிரியான வேலை அது. வழக்கில் சிக்கிய ஒரு சிறுவனை, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதலில் நிறுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் அவனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கை போக வேண்டும். அதற்கென்று படிவம் 6 இருக்கிறது. குடும்பம், பள்ளி, வேலை, கூட்டாளிகள் எல்லாம் அதில் வந்துவிடும்.

பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியிடம், பைக் திருட்டு வழக்கில் வந்த பையன் ஒருவனைப் பற்றி எழுதச் சொன்னேன். குற்றம் கூடப் பழகுகிறவர்களிடம் கற்றுக்கொள்வது என்ற சதர்லாண்டையும், பிறவியிலேயே குற்றவாளிகள் உண்டு என்ற லொம்ப்ரோசோவையும் மூச்சு விடாமல் சொல்லக்கூடிய பெண். அவர் கொண்டுவந்தது இரண்டே வரி: 'வறுமை. தீய நட்பு.' வீட்டுக்குப் போனாயா என்று கேட்டேன். போனாராம், வாசலிலேயே அம்மாவிடம் பேசிவிட்டு வந்துவிட்டாராம். மறுபடி அனுப்பினேன். 'அம்மா வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருகிறார், பையன் கடைசியாகப் பள்ளிக்கு என்றைக்குப் போனான், கையில் இருந்த போன் யார் வாங்கிக் கொடுத்தது, இந்த மூன்றை மட்டும் கேட்டுக்கொண்டு வா' என்றேன்.

இரண்டாவது முறை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அப்பா விபத்தில் படுத்ததும் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றிருக்கிறது. பையன் ஒரு மெக்கானிக் பட்டறையில் வாரக்கூலிக்குச் சேர்ந்திருக்கிறான். போன் பட்டறைக்காரர் கொடுத்தது. பூட்டைத் திறக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய சதர்லாண்ட் அந்தப் பட்டறையில்தான் உட்கார்ந்திருந்தார்!

பயிற்சிக்கு வந்த இன்னொருவர், விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துப் பையன்களோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். சிறுவரின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2015-ஆம் ஆண்டுச் சட்டம். முதுகலை மாணவருக்கு அது தெரியவில்லை. நல்லவேளை, பத்து நிமிடத்தில் பார்த்து எடுக்க வைத்தோம்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வது சரியில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களைப் பழைய ஃபைல் அடுக்க விட்டு, கடைசி நாளில் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். இரண்டு வாரத்தில் வேறென்ன சொல்லிக் கொடுப்பது என்ற சலிப்பு.

எனவே பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பருவம் முழுக்கக் களத்துக்கு ஒதுக்குங்கள். இளைஞர் நீதிக் குழுமம், சிறை, சைபர் கிரைம் பிரிவு, எங்கே இடம் கிடைத்தாலும் சரி. ஆய்வேட்டுக்குப் பதிலாக ஐந்து அறிக்கைகளை, பெயர், ஊர் எல்லாம் மறைத்து, எழுதச் சொல்லி மதிப்பெண் போடுங்கள். திருத்திக் கொடுக்க எங்களைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் பஸ் பிடித்து வந்துவிடுவோம். பயணப்படி கூட வேண்டாம், மதியச் சாப்பாடு போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர்,
தென்காசி