கோப்பைத் தட்டில் அச்சான வழக்கறிஞர்களுக்குப் பெயர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அச்சுப்படங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தபோது, பல மாதங்களாக என் மனத்தை உறுத்திவரும் ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றியது.

லண்டனுக்குச் சென்று திரும்பிய என் ஜூனியர் ஒருவர், தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டுகள் ஆறு அடங்கிய பெட்டி ஒன்றை எனக்குப் பரிசளித்தார். ஒவ்வொரு தட்டிலும் விக்கும் கறுப்பு அங்கியும் அணிந்த ஓர் ஆங்கில வழக்கறிஞரின் படம். அவற்றுள் ஒன்றைக் காட்டி, "சார், இந்த சௌத்போர்ட் என்பவர் யார்?" என்று அவர் கேட்டார். சௌத்போர்ட் என்பது ஆளின் பெயரன்று, ஊரின் பெயர். படத்திலிருப்பவர் எட்வர்ட் மார்ஷல் ஹால். 1903இல் 'வேனிட்டி ஃபேர்' வார இதழ் அவர் படத்தை வெளியிட்டபோது, அவர் அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததால், அடியில் ஊர்ப்பெயரை மட்டும் அச்சிட்டது. 1907ஆம் ஆண்டின் கேம்டன் டவுன் கொலை வழக்கில் ராபர்ட் வுட்டுக்காக வாதாடி விடுதலை பெற்றுத் தந்தவர், இன்று பெயரில்லாமல் கோப்பைக்கு அடியில் கிடக்கிறார்.

இது அந்த இதழின் பிழையன்று. 1868இல் தொடங்கிய அவ்விதழ், படத்தின் கீழே ஒரு பட்டப்பெயரையோ குறிப்பையோ தந்துவிட்டு, ஆள் யார் என்பதைக் கூடவே வந்த கட்டுரையில் விளக்கியது. டிச்போர்ன் குடும்பத்தின் காணாமற்போன வாரிசு தானே என்று ஒருவர் உரிமை கோரியதால் எழுந்த டிச்போர்ன் வழக்கில், அவருக்காக வாதாடிய எட்வர்ட் கெனீலியின் 1873ஆம் ஆண்டுப் படத்துக்கு 'உரிமை கோருபவரின் வழக்கறிஞர்' என்பதே தலைப்பு. ஊரெல்லாம் அந்த வழக்கையே பேசிய அந்நாளில் அதற்குமேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. அதே வழக்கை ஒட்டிப் பதக்கங்களும் பீங்கான் பொம்மைகளும்கூட அப்போதே விற்பனையாயின. ஆகவே வழக்கறிஞரின் உருவம் வீட்டுப் பொருளில் ஏறுவதை நான் குறை கூறவில்லை. அன்று வாங்கியவருக்கு ஆள் யாரென்று தெரிந்திருந்தது என்பதே வேறுபாடு.

பெயர் போனதோடு நிற்கவில்லை. 'ஸ்பை' என்ற புனைபெயரில் சுமார் நாற்பது ஆண்டுகள் அவ்விதழுக்கு வரைந்த லெஸ்லி வார்ட், ஆளை நேரில் கூர்ந்து கவனித்து, அவர் நிற்கும் வாகு, தோள் சாயும் விதம், கையில் தாளைப் பிடிக்கும் முறை ஆகியவற்றை முழு உருவமாகத் தீட்டியவர். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடிப் பழகியவர்களுக்கு அந்த நிலையிலேயே பாதி மனிதர் தெரிந்துவிடுவார். அப்படத்தை வட்டத் தட்டுக்குள் அடக்குவதற்காக மார்போடு வெட்டிவிட்டால் எஞ்சுவது விக் மட்டுமே. அந்த விக்கோ எல்லோருக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் மை ஏற்றி அச்சிட்ட கல்லச்சின் மென்மையும் மலிவான மறுபதிப்பில் மங்கிப்போகிறது.

என் பெட்டியில் ரூஃபஸ் ஐசக்ஸும் இருக்கிறார். 1904இல் வரையப்பட்ட இந்த பாரிஸ்டர்தான் பின்னாளில் ரெடிங் பிரபுவாக 1921 முதல் 1926 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். அவர் பதவிக்காலத்தில்தான், 1922இல், லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற காந்தியடிகள் அகமதாபாத்தில் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நம் வரலாற்றோடு இவ்வளவு நெருங்கிய ஒருவர் மேசைமேல் இருப்பது தெரியாமலேயே அவர்மீது நாம் கோப்பையை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

லெஸ்லி வார்ட் 1922இல் மறைந்துவிட்டதால் அவருடைய படங்களை எவரும் உரிமத்தொகை இல்லாமல் அச்சிடலாம். காசு தர வேண்டியதில்லை என்றாகிவிட்ட பிறகு, வரைந்தவர் பெயர், வரையப்பட்டவர் பெயர், வெளியான ஆண்டு என்ற மூன்றையும் பொருளின் பின்புறத்தில் ஒரே வரியில் அச்சிடுவது உற்பத்தியாளர்களுக்குப் பெரும் சுமையாகாது. விற்கும் கடைக்காரர்களும் வாங்குபவர்களும் இதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாக வேண்டுகிறேன்.

என்னிடமுள்ள ஆறு தட்டுகளின் பின்புறத்திலும் இவ்விவரங்களைத் தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.