கையெழுத்துக்கு ஒருவர், வேலைக்கு ஒருவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர் பக்கம் எங்கள் ஊரில் புது குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பித்தால் லைசென்ஸ் பிளம்பர் கையெழுத்து கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான். குழாயில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது. சாக்கடையை ஒட்டிப் போகும் பைப்பில் ஒரு ஜாயின்ட் கசிந்தால், சப்ளை நின்றதும் கழிவுநீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். தெரியாதவன் கைவைக்கிற வேலை இல்லை இது.

ஆனால் நடப்பது என்ன? லைசென்ஸ் இருப்பவர் கையெழுத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார், தெரு மெயின் குழாயில் சேடில் என்ற பட்டையை மாட்டி, வீட்டுக்குத் தண்ணீர் பிரிக்கும் ஃபெரூலைப் பொருத்தி, முழங்கால் சேற்றோடு பள்ளத்தில் நிற்பது என்னைப் போன்ற ஆள். எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவன் நான். சுடுதண்ணீர் லைனுக்கு சிபிவிசி பிளாஸ்டிக் பைப், அதை ஒட்ட அதற்குரிய சொல்யூஷன்தான் போட வேண்டும் என்பதெல்லாம் தெரியும். லைசென்ஸ் கேட்டுப் போனால் காட்டத்தான் காகிதம் இல்லை. ஐடிஐயில் பிளம்பர் படிப்பு ஓராண்டு. சரி, கூலியை விட்டுவிட்டு யார் போய் உட்காருவது?

வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தர, பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்தில் ஆர்பிஎல் என்று ஒரு வழி வைத்தார்கள். லைசென்ஸ் கேட்கும் ஆபீசில் அதைச் சொன்னால், "அதெல்லாம் இங்கே செல்லாதுப்பா" என்பதோடு முடித்துவிட்டார்கள். எதுதான் செல்லும் என்று எழுதி ஒட்டவாவது கூடாதா? தகுதி என்ன, கட்டணம் எவ்வளவு, மனு யாரிடம் என்று அறிவிப்புப் பலகையில் போடுங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை செய்முறைத் தேர்வு வையுங்கள், ஜிஐ இரும்புப் பைப்பில் மரை வெட்டச் சொல்லுங்கள், பிரஷர் ஏற்றிக் கசிகிறதா என்று பாருங்கள். நாங்கள் வரத் தயார்.

ஒரு பிளம்பர்,
வேலூர் மாவட்டம்