அம்மாவின் அடையாள அட்டைக்கு உதவியவர்களுக்கு நன்றி

முகத்துவாரம்,
கொழும்பு 15.

அம்மாவுக்கு 62 வயதில் அடையாள அட்டை கிடைத்துவிட்டது. உதவிய எல்லோருக்கும் நேரில் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. சிலருடைய வீடுகூட எனக்குத் தெரியாது, அதனால்தான் இந்த மடல்.

அம்மா ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பத்து வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறப்புப் பதிவு கிடையாது. அட்டை இல்லாததால் வங்கிக் கணக்கும் இல்லை. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிக்குப் பயந்து கடைக்குக்கூடப் போக மாட்டார்.

முதல் நன்றி எங்கள் பகுதிக் கிராம சேவகருக்கு. மற்றோர் இடத்தில் பிறப்புச் சான்றிதழோடு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இவரோ எங்களை உட்கார வைத்து, பதிவைத் தேடியும் கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம் என்று பொறுமையாக விளக்கினார். அந்த ஒரு பேச்சில்தான் எங்களுக்கு வழி தெரிந்தது.

அப்புறம் தோட்டப் பாடசாலை அதிபர் ஐயா. அம்மா அங்கே படித்தது இரண்டாம் வகுப்புவரைதான். செல்லரித்த பழைய சேர்வு இடாப்பில் அந்த ஒற்றை வரியைத் தேடியெடுத்து, கடிதமும் எழுதித் தந்தீர்கள். அதுவரை அம்மாவின் பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அதுதான்.

ஓய்வுபெற்ற லிகிதர் மாமா, படிவம் முழுவதையும் நீங்கள்தான் நிரப்பினீர்கள். பெயர் ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருந்ததை முதலில் கவனித்ததும் நீங்கள்தான். அட்டையை வட்டிக்காரரிடம் ஈடு வைக்கவே கூடாது, கேட்கிற இடத்தில் போட்டோ கொப்பிதான் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் நீங்கள் சொன்னதை நானும் மறக்க மாட்டேன். இங்கே எங்கள் பகுதி வீடுகளில் கடனுக்கு அட்டையை அடகு வைத்துவிட்டு அந்தரப்படுபவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அட்டை வழங்கும் பத்தரமுல்லை ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு ஏற்றிக்கொண்டு போன ஓட்டோ அண்ணா, ஸ்டூடியோ தம்பி, உங்களுக்கும் நன்றி.

அட்டையின் எண்ணில் 12 இலக்கங்கள். முதல் நான்கு பிறந்த ஆண்டு: 1963. இதுநாள்வரை 'எனக்கு எத்தனை வயசோ' என்றுதான் அம்மா சொல்லி வந்தார். சிங்களத்தோடு தமிழிலும் அச்சாகியிருந்த பெயரை, விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறோம். அட்டையை என்னிடம் தர மாட்டாராம், தானே கொண்டுவருகிறாராம்.

அன்புடன்,
மகள்