முதல் சீசனுக்கு மூட்டை கட்டும் கண்ணுக்கு

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

கார்ட் பந்தயத்துக்கு எடுத்துப்போக நீ அனுப்பின சாமான் லிஸ்டைப் பார்த்தேன். மூன்று விதமான பின் ஆக்ஸில், ஸ்டியரிங்குக்குப் புது உறை, லேப் டைமர் என்று வேகத்துக்கான சாமான் எல்லாம் இருக்கிறது. வீல் நட்டு இல்லை, செயின் லிங்க் இல்லை, தண்ணீர் கேன்கூட இல்லை. முதல் சீசனில் பெரும்பாலானவர்கள் பாயிண்டை விடுவது மெதுவாக ஓட்டியதால் அல்ல, அடுத்த ஹீட்டுக்கு, அதாவது அன்றைய அடுத்த சின்ன ஓட்டத்துக்கு, வண்டியை வரிசைக்குக் கொண்டுவர முடியாமல்தான். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் இது இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடுமா என்று பார். நின்றுவிடும் என்றால் இரண்டு வாங்கு. இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அந்த மூன்று ஆக்ஸிலும் அடுத்த வருஷக் கணக்கு. வண்டியை ஒரே மாதிரி பத்துச் சுற்று ஓட்டத் தெரியாதவரைக்கும் மென்மையான ஆக்ஸிலுக்கும் கடினமானதுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாது.

முதலில் உடம்பில் போடுவது. ரோட்டில் போடும் ஐஎஸ்ஐ ஹெல்மெட்டோடு ஸ்க்ரூட்டினிக்கு, அதாவது ஓட்டத்துக்கு முன் வண்டியையும் உடையையும் பார்க்கும் சோதனைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்துணியை விலக்கினால், ஹெல்மெட்டைச் சோதித்துத் தரம் சொல்லும் ஸ்னெல் அமைப்பின் ஸ்டிக்கர் தெரிய வேண்டும், அதில் ‘கே’ என்ற எழுத்தும் வருஷமும் இருக்க வேண்டும். கே 2015, கே 2020 என்று வரும். இந்த வருஷம் எதுவரை ஏற்கிறார்கள் என்பதை விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டு வாங்கு. ‘எஸ்ஏ’ என்று இருந்தால் அது கார் பந்தயத்துக்கானது. மோதல் சோதனையில் கே வகைக்குக் குறைந்ததல்ல, தீச்சோதனை கூடுதல், அவ்வளவுதான். ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள்: பெட்ரோல் கேன் இருக்கும் டிக்கியில் ஹெல்மெட்டை வைக்காதே. ஆவியே உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான நுரையைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சூட் விஷயத்தில், நண்பர் தரும் கார் ரேஸ் சூட்டை வாங்கிக்கொள்ளாதே. கார்ட்டில் சீட் பெல்ட் கிடையாது. கவிழ்ந்தால் ஆள் வெளியே விழுந்து தாரில் தேய்வான். அதனால் கார்ட் சூட் தேய்மானம் தாங்கும் துணியில் தைத்தது, தீயைத் தாங்குவதற்கு அல்ல. கார் சூட் தீயைத் தாங்கும், தாரில் கிழிந்துவிடும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் முத்திரை உள்ளதாகப் பார், லெவல் 2 வாங்கு. கையுறை இரண்டு ஜோடி, தையல் வெளிப்பக்கம் இருப்பதாக. உள்ளே தையல் இருந்தால் பத்து நிமிஷத்தில் விரலில் கொப்புளம். ஹெல்மெட்டுக்குள் போடும் முகத்துணி மூன்று, ஏனென்றால் நம் வெயிலில் ஒரு ஓட்டத்துக்கு ஒன்று நனைந்துவிடும். ஷூ கணுக்காலை மூட வேண்டும், லேஸ் முனை உள்ளே செருகியிருக்க வேண்டும். முடியைப் பின்னி முகத்துணிக்குள்ளும் சூட்டுக்குள்ளும் விடு. முதுகுக்குப் பின்னால் வெறும் ஆக்ஸில் சுற்றிக்கொண்டிருக்கிறது. துணியோ முடியோ, கிடைத்ததைச் சுருட்டிக்கொள்ளும்.

விலா எலும்புக் காப்பை லிஸ்டின் கடைசியில் போட்டிருக்கிறாய். முதல் வரிக்குக் கொண்டுவா. வலது வளைவில் உடம்பு இடப்பக்கம் சாயும், சீட்டின் விளிம்பு இடது விலாவில் ஏறும். வலது வளைவுகள் அதிகமுள்ள பாதையில் ஒரு நாள் முழுக்க ஓடினால் விலா கன்றிப்போகும், சிலருக்கு விரிசலே விடும். அப்புறம் ஆறு வாரம் இருமக்கூட முடியாது. எஃப்ஐஏ 8870-2018 என்று முத்திரை உள்ளதை எடு. அதைப் போட்டுக்கொண்டுதான் சீட் அளவு பார்க்க வேண்டும். சீட் தளர்வாக இருந்தால் எந்தக் காப்பும் உதவாது. இடுப்பின் இரண்டு பக்கமும் கை நுழையாத அளவுக்கு இறுக்கம் வேண்டும். கொஞ்சம் தளர்வென்றால் பஞ்சு ஒட்டி அடைக்கலாம். இறுக்கமாக இருந்தால் வேறு வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

எடையையும் இப்போதே பார்த்துவிடு. ரோட்டாக்ஸ் மேக்ஸ் என்ஜினோடு நீ ஓடப்போகும் சீனியர் மேக்ஸ் பிரிவில் வண்டியும் ஆளும் சேர்த்துத்தான் குறைந்தபட்ச எடை. உன் உடம்புக்குக் கட்டாயம் ஈயம் சேர்க்க வேண்டிவரும். ஈயத்தை சீட்டில் 8 மிமீ போல்ட்டோடு, சீட் பக்கம் பெரிய வாஷர் வைத்து, லாக் நட்டு போட்டுப் பிணை. கேபிள் டையில் கட்டிய ஈயம் பாதையில் விழுந்தால் பின்னால் வருபவரின் முகத்துக்கு நேராகப் போகும். எடைத் தட்டில் மூன்று கிலோ கூடுதலாகவே இரு. ஓடி முடிக்கும்போது பெட்ரோலும் வியர்வையும் குறைந்திருக்கும்.

இனி உதிரி. வீல் நட்டு ஒரு சக்கரத்துக்கு மூன்று, வண்டிக்கு பன்னிரண்டு. நீ இருபத்துநாலு எடுத்து வா. நைலான் வளையம் வைத்த நட்டை ஒரு தடவை கழற்றினால் அதன் பிடி குறைந்துவிடும், இரண்டாம் தடவை முக்கியமான இடத்தில் போடாதே. பிரேக் டிஸ்க், சைலன்சர் பக்கத்தில் நைலான் உருகும், அங்கே முழு உலோக லாக் நட்டு. செயின் 219 பிட்ச், இரண்டு வேண்டும். லிங்க் எண்ணிக்கை வேறு வேறாக இருக்கட்டும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றும்போது ஒன்று சரியாக உட்காரும். இணைப்பு லிங்க் நாலு. கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

ஸ்ப்ராக்கெட்டுக்காகப் பெட்டி நிறைய வாங்கிக் குவிக்காதே. முன்னால் 12, 13 என்று இரண்டு, பின்னால் இரண்டு பல் இடைவெளியில் நாலு போதும். முன்னால் ஒரு பல் கூட்டினால் பின்னால் ஆறு ஏழு பல் குறைத்த மாதிரி. மாற்றின பிறகு நேர்விளிம்புள்ள ஒரு இரும்புப் பட்டையை இரண்டு ஸ்ப்ராக்கெட் மேலும் படிய வைத்துப் பார். கோணல் இருந்தால் ஒரே ஓட்டத்தில் பல் கூராகிவிடும். செயின் நடுவில் விரலால் அழுத்தினால் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் ஆட வேண்டும். வண்டி உள்ளே வந்து செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் அடி. ஆறினபின் அடித்தால் மேலேயே நின்று மண்ணைப் பிடிக்கும்.

ஆக்ஸிலேட்டர் கேபிள் இரண்டு. வீட்டிலேயே அளவாக வெட்டி, முனையைச் சேர்த்து, பையில் சுருட்டி வை. பெடல் முனையில் ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டு வரும், அதனால் தினமும் அங்கே ஒரு பார்வை. சைலன்சர் ஸ்பிரிங் நாலு, கட்டுக்கம்பி ஒரு சுருள். ஸ்பிரிங் ஒடிந்து சைலன்சர் தொங்கினால் நடுவில் ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடியோடு உன் நம்பரைக் காட்டுவார்கள், உள்ளே வந்தே ஆக வேண்டும். பிரேக் பேடு ஒரு செட். பிரேக் பெடலிலிருந்து போகும் ராடுக்குத் துணையாக ஒரு கேபிள் இருக்க வேண்டும், ஸ்க்ரூட்டினியில் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான். பிரேக் ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்கு எது சொல்லியிருக்கிறதோ அது மட்டும். டாட் 4 வகை ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் மினரல் ஆயிலை ஊற்றினால் சீல் ஊதி பிரேக் போய்விடும். மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த டப்பாவை ஓரமாகப் போடு. ஈரம் இழுத்திருக்கும், சூட்டில் கொதித்துப் பெடல் அமுங்கிவிடும்.

ஸ்பார்க் பிளக் மூன்று, என்ஜின் புத்தகத்தில் இருக்கும் அதே எண். ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் இரண்டு லிட்டர். காருக்குப் போடும் பச்சைக் கூலன்ட் வேண்டாம். பாதையில் கசிந்தால் அடுத்தவன் வழுக்கி விழுவான், விதியும் அனுமதிக்காது. ரோட்டாக்ஸ் என்ஜினில் முத்திரை இருக்கும். அதைத் தொடாதே. அதோடு வரும் என்ஜின் அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு லைசென்ஸோடு சேர்த்து வை. பழைய வண்டி வாங்கினவர்கள் தடுமாறுவது இந்த அட்டையில்தான். முத்திரை எண்ணும் அட்டையில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பார்.

பெட்ரோலை ரயிலிலோ பஸ்ஸிலோ கொண்டுவராதே, சட்டப்படி குற்றம். எந்தப் பெட்ரோல் போட வேண்டும் என்பதைப் போட்டிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். நீ எடுத்துவர வேண்டியது காலி கேன், புனல், அளவுக் குவளை, டூ ஸ்ட்ரோக் ஆயில். கலவை ஐம்பதுக்கு ஒன்று: லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டர் கேனுக்கு 100 மில்லி. பாதிப் பெட்ரோல், ஆயில், குலுக்கு, மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கு. கலந்த கேனில் வெள்ளை டேப் ஒட்டித் தேதியும் அளவும் எழுது. டேப் இல்லாத கேன் வண்டிப் பக்கமே வரக்கூடாது. ஆயில் கலக்காத பெட்ரோல் போனால் சில நிமிஷத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிஞ்சினதை அடுத்த ரவுண்டுக்கு வைக்காதே. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும்.

உன் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே பயம் ஜெட்டில்தான், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் அந்தச் சின்னத் துளைத் திருகில். நீ பழகுவது பெங்களூரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். இங்கே செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயப் பாதை ஏறக்குறைய 400. சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பாதை கிட்டத்தட்ட கடல் மட்டமே. கீழே வர வர காற்று அடர்த்தி. நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம். அடர்த்தியான காற்றுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். பெங்களூரில் நன்றாக ஓடின மெயின் ஜெட்டோடு சென்னையில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டு, நேர்ப்பாதையின் கடைசியில் என்ஜின் பிடித்துக்கொள்ளும். உன் ஜெட்டுக்கு மேலே ஐந்தாறு அளவு, கீழே இரண்டு அளவு எடுத்துக்கொள். புது ஊரில் முதல் ஓட்டத்துக்குப் பெரிய ஜெட் போடு. வண்டி கொஞ்சம் சோம்பலாக இருந்தால் பரவாயில்லை, பிளக் நிறம் பார்த்து ஒவ்வொன்றாக இறங்கு. காலை எட்டு மணிக் குளிருக்குப் போட்டது மதியம் இரண்டுக்குப் பெரிதாகத் தெரியும். மாலையில் காற்று ஆறினால் மறுபடி ஏற்ற மறக்கக்கூடாது.

டயர் காற்றுக்கு பெட்ரோல் பங்க் கேஜ் வேண்டாம். நூறு வரை போகும் முள்ளில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, கார்ட்டுக்கு அரை பிஎஸ்ஐயே பேசும். முப்பது வரை காட்டும் கேஜ் வாங்கு, சீசன் முழுக்க அதே கேஜ். நாலு டயரும் நிழலில் ஒரே சூட்டில் இருக்கும்போது அளக்க வேண்டும். ஒரு பக்கம் வெயில் பட்டிருந்தால் அந்தப் பக்கம் ஏறிக் காட்டும், நீ இறக்கிவிடுவாய், பாதையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். போகுமுன் எவ்வளவு, வந்தவுடன் எவ்வளவு என்று நோட்டுப் புத்தகத்தில் எழுது. அதே வரியில் ஜெட், ஸ்ப்ராக்கெட், நேரம், வெயில். நீ கேட்ட லேப் டைமரைவிட இந்த நோட்டுப் புத்தகம் வேகம் தரும்.

மழை டயர் ஒரு செட் கட்டாயம், தனி ரிம்மில் ஏற்றியதாக. கடைசி நேரத்தில் டயர் கழற்றி மாட்ட யாருக்கும் கை வராது. பக்கத்தில் அம்புக்குறி இருக்கும், சுழலும் திசைக்கு மாட்டு. இங்கே ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வரும், சென்னையில் ஐப்பசி, கார்த்திகை. பாதை காய ஆரம்பித்தால் மழை டயர் சில சுற்றிலேயே பிய்ந்துவிடும், பார்த்துக்கொள். என்ஜின் காற்று இழுக்கும் ஏர்பாக்ஸ் வாய்க்கு மறைப்பு, மேலே போட ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு, அவ்வளவு.

கருவியில் டி வடிவப் பிடி உள்ள ஆலன் கீ 4, 5, 6, 8, ஸ்பேனர் 8, 10, 13, 17, பிளக் ஸ்பேனர், செயின் கட்டர், கேபிள் டை நூறு, அகலமான டேப். மற்றதைப் பக்கத்து டென்ட்டில் கேட்டால் கொடுப்பார்கள். வண்டியை ஏற்ற ஸ்டாண்டு ஒன்று, இல்லாவிட்டால் சனிக்கிழமை மதியமே இடுப்பு போய்விடும். நிழலுக்குக் கூடாரம். அப்பாவிடம் பழைய தார்ப்பாய் இருக்கிறது, அது தரைக்கு. விழுந்த நட்டு மண்ணில் போகாது. தீயணைப்பான், ஏபிசி பவுடர், இரண்டு கிலோ.

காகிதம்: நம் நாட்டு மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ், மருத்துவச் சான்று, ஆதார், இரண்டு போட்டோ. ரத்த வகையும் பெயரும் ஹெல்மெட்டிலும் சூட்டிலும். அந்த ரவுண்டுக்கான துணை விதிகளைப் பிரிண்ட் எடுத்து வா, போனில் வெயிலில் எழுத்து தெரியாது.

சாப்பாட்டுக்கு நீ ஒன்றும் சுமக்க வேண்டாம், எலுமிச்சை சாதமும் மோரும் நான் கொண்டுவருகிறேன். ஓஆர்எஸ் பத்துப் பாக்கெட்டும் பத்து லிட்டர் தண்ணீர் கேனும் மட்டும் உன் பொறுப்பு. தாகம் எடுத்தபின் குடித்தால் தாமதம். காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. கடைசி ஹீட்டில் கை தளர்ந்து வளைவைத் தவறவிடுவது பாதி நேரம் தண்ணீர்க் குறையால்தான்.

வெள்ளி ராத்திரி பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கு. ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் மேக்ஸைத் தள்ளிக் கிளப்ப முடியாது, கிளட்ச் பிடிக்காது.

அம்மா

பி.கு. இருபத்துநாலு நட்டு என்றால் புதுசு இருபத்துநாலு. இப்போது சக்கரத்தில் இருப்பதைச் சேர்த்து எண்ணாதே.