பெறாமகளின்ர அப்ளிகேசன் கதை

அடியேய்,

உன்ர வொயிஸ் மெசேஜ் கேட்டன். மூத்தவன் ஐஆர், அதான் சர்வதேச உறவுகள், அதுதான் படிப்பன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான், வோஷிங்டனில இருக்கிற ஜோர்ஜ்டவுன் கம்பஸுக்குப் போடப்போறானாம், அதுக்கு என்னென்ன காட்டவேணும் எண்டு கேட்டிருந்தாய். வொயிஸில சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் ஆறுதலா இருந்து எழுதுறன். இஞ்சயும் உதே கூத்துத்தான் நடக்குது. தங்கச்சியின்ர மூத்தவள், என்ர பெறாமகள், அவளும் அதுக்குத்தான் போடுறாள், ஆனா வோஷிங்டனுக்கில்லை, 2005இல கட்டாரில தொடங்கின கம்பஸுக்கு. டிகிரி ஒண்டுதான், தோஹா எண்டா கிட்ட எண்டு தங்கச்சிக்கும் ஒரு மனஆறுதல்.

உன்ர பெடியனுக்கு லேசான இடமில்லை எண்டு இப்பவே சொல்லி வை. அமெரிக்காக்காரனுக்கு இப்ப இருக்கிற ஃபொரின் சேர்விஸ், அதான் தூதரகச் சேவை, வந்ததே 1924இல, அவன் போடப்போற ஜோர்ஜ்டவுனின்ர ஃபொரின் சேர்விஸ் ஸ்கூல் 1919இல தொடங்கிட்டுது. கிளிண்டன் படிச்ச இடம். உலகம் முழுக்க இருந்து கெட்டிக்காரப் பிள்ளையள் வந்து முட்டுப்படுவினம். படிச்சு முடிக்கமுதல் இங்கிலிஷ் தவிர இன்னொரு மொழியிலயும் தேர்ச்சி காட்டவேணுமாம். வீட்டில அவனோட தமிழ் கதை எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான், நீ கேட்டியே.

இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு இந்த இணைப்பாடவிதானம், படிப்புக்கு வெளியால செய்யிறது, எண்ட பகுதிதான் பெரிய தலையிடி. எங்கட கம்பஸுகளுக்கு ஏஎல் சோதினையில வாற இசட் ஸ்கோர் எண்ட புள்ளி போதும், நீ பட்டிமண்டபத்தில பேசினியோ நெட்போல் விளையாடினியோ எண்டு பெரும்பாலும் ஒருத்தரும் கேளாயினம். தமிழ்த்தினப் போட்டியில மாகாணம் வரைக்கும் போன பிள்ளையும் ஏஎல் வந்தோடன எல்லாத்தையும் மூட்டை கட்டி வைச்சிட்டு ரியூசனுக்கு ஓடவேணும். பேந்து அமெரிக்கா ஃபோமைத் திறந்தா அவன் அந்த மூட்டையைத்தான் அவிழ்க்கச் சொல்லுறான்.

இவள் வேற ரண்டு மூண்டு இடத்துக்கு கொமன் அப்பாலயும் போடுறாள், கன கம்பஸுக்கு ஒரே ஃபோமில போடுறது. அதில 10 செயற்பாடு போடலாம், ஒவ்வொண்டையும் விளக்க 150 எழுத்துத்தான், சொல்லில்லையடி, எழுத்து, இடைவெளியும் சேர்த்து. கிழமைக்கு எத்தினை மணித்தியாலம், வருசத்தில எத்தினை கிழமை எண்டும் கேப்பான். ஆனா ஒண்டு எனக்கு நல்லாப் பிடிச்சுது, வீட்டுப் பொறுப்புக்கும் அதில இடமிருக்கு. அம்மம்மாவுக்குச் சாப்பாடு தீத்துறது, தம்பியைப் படிப்பிக்கிறது, உதெல்லாம் ஒரு விசயமோ எண்டு இவள் போடமாட்டன் எண்டவள், நான்தான் பேசிப் போடவைச்சன். உன்ர பெடியன் அந்த ஒன்ராறியோ ஸ்கூலில கேக்கிற 40 மணித்தியாலத் தொண்டு வேலையை முடிச்சிட்டன் எண்டு துள்ளினவனல்லோ, அது எல்லாரும் முடிக்கிறதுதானே, அதை வைச்சுப் பெரிசா ஒண்டும் காட்டேலாது. ஜோர்ஜ்டவுன் கனகாலமாக் கேக்கிற கேள்வி, நீ கூடுதலா ஈடுபட்ட செயற்பாடு ஒண்டைப்பற்றி எழுது எண்டுறது. பத்தை அடுக்கலாம், அந்த ஒண்டு இல்லாட்டி அதில மாட்டிக்கொள்ளுவான்.

இவளுக்கு அந்த ஒண்டு இருந்தது, அவளுக்கே தெரியேல்லை. கொழும்புக்குப் போய் மொடல் யூஎன், அதான் ஐநா மாதிரிப் பிள்ளையள் நடத்துற மாநாடு, செய்தவைக்குத்தான் கிடைக்கும் எண்டு அழுதுகொண்டு திரிஞ்சவள். தேப்பன் கடற்றொழிலாளர் சங்கத்தில இருக்கிறபடியா, இந்தியன் ரோலர், அதான் இழுவைப்படகு, எங்கட வலையை அறுத்துக்கொண்டு போற நேரமெல்லாம் நீரியல்வளத் திணைக்களத்துக்கு அனுப்புற கடிதங்களை ஓஎல் படிக்கேக்க இருந்து இவள்தான் எழுதுறது, இங்கிலிஷிலயும் எழுதுவாள், சிங்களம் தட்டுத்தடுமாறி. இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்கள், 2017இல இஞ்ச இழுவைமடியைத் தடைசெய்த சட்டம் எல்லாம் அவளுக்குத் தண்ணி. ஒருநாள் என்னட்டக் கேக்கிறாள், பெரியம்மா, வலை அறுபடுறவையும் தமிழ், அறுக்கிறவையும் தமிழ், கதைக்கிறது மட்டும் டெல்லியும் கொழும்புமோ எண்டு. இதை எழுதடி எண்டன்.

அதிலயும் ஒரு பிரச்சினை. ஏஜென்சிக்காரர் ஒருத்தர் யுத்தத்தைப்பற்றி எழுதச் சொன்னவராம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை எண்டா அதைத்தான் வாசிப்பினமாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சண்டை முடியேக்க கைக்குழந்தை, அவள் என்னத்தைக் கண்டவள்! அவளே மாட்டன் எண்டிட்டாள். அதோட யாழ்ப்பாணத்துக் குருநகரிலயும் ரோலர் இருக்கு எண்டதையும் கட்டுரையில போட்டிருக்கிறாள், எங்கட பக்கத்திலயும் பிழை இருக்கு எண்டு. தேப்பனுக்கு முகம் சுருங்கிப்போச்சு. எனக்கெண்டா அந்த வரிதான் கட்டுரையிலயே திறம், மற்றதெல்லாம் பேப்பரில வாறதுதானே.

தேப்பன், கட்டுரை எழுதி என்ன காணப்போறாய் எண்டு வேற புறுபுறுத்தவர். நான் எங்கட நாட்டு ராஜதந்திரி ஜயந்த தனபாலவின்ர கதையைச் சொன்னன். கண்டியில படிக்கேக்க கட்டுரைப் போட்டி ஒண்டில வெண்டுதான் அமெரிக்கா பார்க்கப் போனவர், 1995இல அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்த மாநாட்டுக்கே தலைமை தாங்கினவர். மனுசன் ஒண்டும் பேசேல்லை, அண்டைக்கே கரண்ட் பில் கட்டுற காசில டேட்டா போட்டுக் குடுத்திருக்கிறார்.

காசுதான் இன்னும் யோசனை. உதவிக்கும் சேர்த்துத்தான் போடுறாள், அது இல்லாட்டிச் சரிவராது, அதை அவளுக்கும் சொல்லித்தான் வைச்சிருக்கிறம். ஏஎல்லை விடவேண்டாம் எண்டும் சொன்னன்.

உன்ர பெடியன் தன்ர பத்தையும் எழுதி எனக்கு அனுப்பட்டும், எதை வெட்டுறது எண்டு நான் பாக்கிறன். பதிலுக்கு அவன் இவளோட வட்ஸ்அப்பில இன்ரவியூ பழகவேணும், ஜோர்ஜ்டவுனில முன்னம் படிச்ச ஆக்கள்தான் கூப்பிட்டுக் கதைப்பினமாம், இவள் இங்கிலிஷில எழுதச் சொன்னா எழுதுவாள், கதைக்கச் சொன்னா வாய் திறவாள். உங்களுக்கு இரவு பத்து மணி எண்டா எங்களுக்கு விடிஞ்சிடும், ரியூசனுக்கு முதல் அரை மணித்தியாலம் இருப்பாள். சனிக்கிழமை வேண்டாம், அண்டைக்கு வெள்ளண கிளாஸ்.