கல்லைத் தேய்க்க விடாதீர்கள், அப்பா

கோடால்மிங், சர்ரே, இங்கிலாந்து
நவம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது.

இன்று காலையில், நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பக்கத்தில் உள்ள பஸ்பிரிட்ஜ் தேவாலயத்துக்குப் போனேன். நவம்பரின் இரண்டாவது ஞாயிறன்று போரில் இறந்தவர்களை நாடு முழுக்க நினைவுகூர்கிறார்கள். பதினோரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். அத்தனை பேர் நின்றும், ஒரு குழந்தையின் ஷூ சரளைக்கல்லில் உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பாட்டியம்மா என் கையை விடவே இல்லை.

முதல் உலகப் போரில் இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1915-லேயே தடை போட்டுவிட்டார்களாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் ஊர் திரும்பி, ஏழை வீட்டுப் பிள்ளை அங்கேயே கிடக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம். பிரான்சிலோ பெல்ஜியத்திலோ புதைத்த மகனுக்காகப் போய் நின்று அழ, பெற்றவளுக்கு ஊரில் ஒரு குழிகூட இல்லை. அந்தக் குழிக்குப் பதிலாகத்தான் போர் முடிந்ததும் ஊர் ஊராகக் கல் நட்டிருக்கிறார்கள். இதைக் கேட்ட பிறகு என்னால் அதை வெறும் கல்லாகப் பார்க்க முடியவில்லை.

பஸ்பிரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் இருப்பது 1922-இல் திறந்தது. வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். டெல்லியில் இந்தியா கேட் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோமே, அதை வடிவமைத்தவரேதான். அங்கே 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். இங்கே ஒரு சின்ன ஊரின் பிள்ளைகள். ஆனால் இது அவர் பழகிய ஊர். தோட்டக்கலையில் பேர்போன கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையாருக்குப் பக்கத்திலேயே மன்ஸ்டெட் வுட் என்ற வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் அவர். அந்த அம்மாவின் கல்லறையும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறது, அதையும் லட்யன்ஸே வடிவமைத்தார். நினைவுக்கல்லோ மேலே போகப் போக மெலிகிற உயரமான சிலுவை. எனக்கு அந்த எளிமைதான் பிடித்தது.

2015-இல், இங்கிலாந்தில் தனித்து நிற்கும் அவருடைய 44 போர் நினைவுச் சின்னங்களையும் ஒரே தொகுப்பாக மதித்து, பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் இல்லாதவற்றைச் சேர்த்தார்கள், சிலவற்றின் தரத்தை உயர்த்தினார்கள். பஸ்பிரிட்ஜ் கல்லுக்குக் கிரேடு 2 ஸ்டார், அதாவது அந்தப் பட்டியலில் இரண்டாவது உயர்ந்த தரம். நினைத்தபடி கை வைக்க முடியாது.

அது தெரியாமல் போன மாதம் நான் ஒரு காரியம் செய்யப் போனேன். அடிக்கல்லில் சாம்பலும் மஞ்சளுமாகக் கல்பாசி படர்ந்திருந்தது. அம்மா குழம்புக்குத் தாளிப்பாளே, அந்த ஜாதிதான். பார்க்கச் சங்கடமாக இருந்தது. சோப்புத் தண்ணீரும் பிரஷுமாகப் போய்விட்டேன். தோட்டத்தைப் பராமரிக்கும் பெரியவர் ஓடிவந்து தடுத்தார். திட்டவில்லை. என் விரலைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்துத் தடவச் சொன்னார். நூறு வருட மழையில் கல் மாவாகச் சொரசொரத்தது. பாசியைச் சுரண்டினால் கல்லின் தோலும் கூடவே வந்துவிடும், எழுத்து மழுங்கிவிடும் என்றார். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங், தண்ணீரைப் பீய்ச்சும் மெஷின், எதுவுமே ஆகாதாம்.

அன்று முழுக்க எனக்கு நம் ஏரிக்கரை வேடியப்பன் நினைவுதான். அதுவும் ஊருக்காகச் செத்த ஒருவனுக்கு நட்ட கல்தானே அப்பா. தலைக்கு மேலே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் இரண்டு வரி இருக்கிறது என்று சின்ன வயதில் நீங்கள்தான் காட்டினீர்கள். திருவிழாவுக்கு முன்னால் கல்லைச் சுரண்டிக் கழுவி எனாமல் பெயின்ட் அடிக்கப் போவதாகத் தம்பி போனில் சொன்னான். தயவுசெய்து விடாதீர்கள். எண்ணெயும் மஞ்சளும் வழக்கம்போல இருக்கட்டும், அதை யாரும் நிறுத்த முடியாது. சுரண்டலும் பெயின்ட்டும் மட்டும் வேண்டாம். நீங்கள் சொன்னால் ஊரில் கேட்பார்கள்.

அப்புறம், காலை வெயில் சாய்வாக விழும்போது தம்பியை அந்த எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாட்டியம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்