இரண்டு பேரும் கையைத் தூக்கச் சொன்னார்கள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. குடமுருட்டியில் தண்ணீர் ஓடுகிறது, சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. மார்பில் புற்றுநோய்க் கட்டி, மார்பை முழுசாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் அப்புறம் பார்க்க எப்படி இருக்குமோ என்று உன் நாத்தனார் அழுகிறாளாமே. அதற்கே வருகிறேன்.

எனக்கும் அதே ஆபரேஷன் ஆகி மூன்று வருஷம். போன மாசம் செக்கப்பில் முகம் வராமல் நாலு போட்டோ எடுத்தார்கள்: கையைத் தொங்கவிட்டு, தூக்கி, இரண்டு பக்கவாட்டிலும். மறு மார்போடு ஒப்பிட்டு அளவு, வடிவம், தழும்பு, காம்பு மேலே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹார்வர்டு டாக்டர்கள் 1979இல் வகுத்த நாலு தரம்தான் இன்றும்: மிக நன்று, நன்று, சுமார், மோசம். போட்டோவை அளந்து தரம் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராமும் போர்ச்சுகலில் செய்திருக்கிறார்கள்.

எனக்கு 'சுமார்' போட்டார் டாக்டர். சுருக்கென்றது. என்னைக் கேட்டிருந்தால் 'நன்று' என்றிருப்பேன். ஒரே போட்டோவுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு தரம் போடுவதும் உண்டு, பல பெண்கள் டாக்டரைவிட நல்ல தரமே தங்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று அவரே சொன்னார். அப்படியானால் எங்களையும் கேட்டு எழுத வேண்டாமா?

மறுநாள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன். டெய்லர் அக்காவும் "கையைத் தூக்குங்க" என்றாள். தூக்கினதும் இடது பக்கம் துணி மேலே ஏறியது, தழும்பு இழுக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை அவள். அக்குளில் கொஞ்சம் துணி கூட்டி, இடது டாட்டை (மார்புப் பக்கத்து மடிப்புத் தையலை) அரை இன்ச் உள்ளே பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டாள். அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போய் வந்தேன்.

நாத்தனாரை டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல். கட்டி எந்த இடத்தில்? கீழே உள்பக்கம் என்றால் வடிவம் கூடுதலாகக் கெடும். மார்பின் அளவில் எவ்வளவு எடுப்பார்கள்? பக்கத்துச் சதையை நகர்த்தி நிரப்ப முடியுமா? கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த பிறகு மார்பு சில வருஷம் வரை இறுகிச் சுருங்கலாம், அதனால் ஆறு மாசத்தில் கண்ணாடியைப் பார்த்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். கட்டியை மட்டும் எடுத்தால் உயிருக்கு ஆபத்து கூடும் என்ற பயமும் வேண்டாம். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 வருஷம் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள்: ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தவர்களில் மார்பை முழுசாக எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்து கரண்ட் வைத்தவர்களும் ஒரே அளவில்தான் பிழைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் திருவையாறுக்குக் கூட்டி வா. கதவைச் சாத்திக்கொண்டு நானே காட்டுகிறேன்.

அன்புடன்,
மல்லிகா